பட்டியலில் இல்லாத வியாழக்கிழமை

மருத்துவமனையில் அவளுக்கு மூன்றாம் மாடி அக்கா என்றே பெயர். சிறுநீரகம் கைவிட்டவர்களின் இரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் வேலை, பதினாறு வருடமாக. பன்னிரண்டு நாற்காலி. யாருக்கு எந்தக் கையில் ஊசி, யார் ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார், எல்லாம் அத்துப்படி. வீட்டுச் சாவியை மட்டும் தினமும் தேடுவாள். அதற்குக் கணவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

ஆள் வாரியாக நேரம் ஒதுக்குவது ஏழு மாதம் முன்பு வந்த புது மென்பொருள். காலையில் கைபேசிக்குச் செய்தி போகும். செய்தி வந்தால்தான் நோயாளிகள் கிளம்புவார்கள். அப்படிப் பழக்கிவிட்டார்கள்.

பிப்ரவரி இருபத்தொன்பது, வியாழன். திரை வெறுமையாக இருந்தது.

"இன்னைக்கு யாருமே இல்லையாம்க்கா. ஜாலிதான்!" என்றாள் உடன் வேலை செய்யும் நர்ஸ்.

அக்கா அதை நம்பவில்லை. செவ்வாய், வியாழன், சனி வருகிறவர்களில் ஒருவர் தச்சர். இதயம் பலவீனம். சனிக்கிழமை வரை விட்டால் உடம்பில் தேங்கும் நீர் நுரையீரலை நிரப்பிவிடும். ஓடிப்போய்ப் போனை எடுத்தாள்.

"மெசேஜ் வரலையே, லீவுன்னு நினைச்சோம்," என்றாள் தச்சர் மனைவி. "இவருக்கு மூச்சு வாங்குது. படுக்கவே முடியலங்கிறார்."

"மெசேஜைத் தூக்கிக் குப்பையில போடும்மா! ஆட்டோ பிடிச்சு உடனே கூட்டிட்டு வா!"

தச்சர் உதடு நீலம் பாரித்து வந்தார். அக்கா அவரை மூன்றாவது நாற்காலியில் உட்காரவைத்து ஊசி ஏற்றினாள். இயந்திரத்தை ஓடவிட்டு, மற்றவர்களையும் ஒவ்வொருவராகப் போனில் அழைத்தாள். நான்கு மணி நேரத்தில் மூன்றரை லிட்டர் நீர் வெளியேறியது. தச்சர் சாய்ந்து படுத்து நிம்மதியாக மூச்சு விட்டார்.

மதியம் மென்பொருள் எழுதியவர் அசடு வழிய வந்து நின்றார். பிப்ரவரிக்கு எப்போதும் இருபத்தெட்டே நாள் என்று எழுதியிருந்தார்.

"இந்த ஒரு நம்பராலயா?"

"ஆமாக்கா. பூமி சூரியனைச் சுத்தி வர, முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளுக்கு மேல கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆகும். நாலு வருஷத்துல அது சேர்ந்து ஒரு நாள் ஆகுது. அதை விட்டுட்டேன்."

அக்கா தச்சரைத் திரும்பிப் பார்த்தாள். தினமும் மிதித்து நடக்கிற இந்தப் பூமி எங்கோ ஆறு மணி நேரம் கூடுதலாக ஓடுகிறது. அதை ஒருவர் மறந்ததற்கு, மூன்றாவது நாற்காலியில் ஒரு மனிதருக்கு மூச்சு முட்டுகிறது! நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

மென்பொருள்காரர் திருத்தினார். சரிபார்க்க நான்கு வருடம் கழித்து வரும் பிப்ரவரி இருபத்தொன்பதைத் தட்டினார். செவ்வாய்க்கிழமை. பட்டியல் நிரம்பியது. மூன்றாவது நாற்காலிக்கு நேரே தச்சரின் பெயர். அக்கா திரையைத் தச்சர் பக்கம் திருப்பினாள்.

அவர் தேதியைப் படித்தார். "டாக்டர் ரெண்டு வருஷம்தான் தாங்கும்னுதானேம்மா சொன்னார்?"

"லிஸ்ட்ல இருக்கீங்கண்ணே. வந்துதான் ஆகணும்."

தச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை மணிக்கும்மா?"