ஆல்பத்தில் ஏறிவிட்ட என் கம்பெனி

சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்கிறவனுக்கு நடப்பு வருஷம் என்று ஒன்று கிடையாது. ஊரே சித்திரை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போது நான் ஏசி அறையில் உட்கார்ந்து அடுத்த வருஷத்துத் தை அமாவாசையைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்த தீபாவளி என்ன கிழமை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். அந்தத் தீபாவளிக்கு நீ எங்கே வேலை பார்ப்பாய் என்று கேட்டால்தான் எச்சில் விழுங்குவேன்.

ஒரே அச்சகத்தில் பல வருஷமாக இருக்கிறேன். சேர்ந்தபோது தலையில் முடி இருந்தது, அனுபவம் இல்லை. இப்போது அனுபவம் இருக்கிறது. சொந்தமாக ஒரு சின்ன ஆப்செட் அச்சகம் போட வேண்டும் என்ற அரிப்பு நாலைந்து வருஷமாக உள்ளங்காலில் இருந்து உச்சந்தலை வரை ஓடிக்கொண்டிருந்தது. நாரணாபுரம் போகிற வழியில், முன்பு பட்டாசுப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த ஒரு ஷெட் காலியாகக் கிடந்தது. அதைப் பேசி வைத்திருந்தேன். 'பேசி வைத்திருந்தேன்' என்பது கௌரவத்துக்குச் சொல்வது. ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய், வாசலில் நின்று, உள்ளே மிஷின் எந்தப் பக்கம் வரும் என்று காற்றில் கையால் படம் வரைந்துவிட்டுத் திரும்புவேன்.

"பொண்ணு பாக்கப் போறாப்புலல்ல போறீக" என்பாள் என் மனைவி. "இன்னும் எத்தன வாட்டி பஜ்ஜி சொஜ்ஜி தின்னுட்டு வருவீக? அந்த ஷெட்டுக்கே கேவலமா இருக்கும்."

என்னிடம் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆடியில் எதுவும் தொடங்கக்கூடாது. ஆவணி வந்தால் சீசன், முதலாளியை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போக முடியாது. சீசன் முடிந்தால் மார்கழி. தையில் நல்ல நாள் நிறைய இருக்கும், எதை எடுப்பது என்று குழப்பம். பிறகு பையன் பரீட்சை. பிறகு மறுபடி ஆடி.

எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூசை போட்டு வெளியிடுவார்கள். எல்லா டிசைனிலும் மாதிரிக்கு ஒன்று வைத்துச் சேர்த்த தடிப் புத்தகம் அது. ஏஜெண்டுகள் அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களிடம் ஆர்டர் பிடிப்பார்கள். சாமி படத்துக்குக் கீழே கடைப்பெயர் வருகிற பட்டையில், மாதிரிக்கு ஏதாவது ஒரு டம்மி பெயர் போட வேண்டும். அந்தப் பெயர் சூட்டுகிற உரிமை என்னுடையது. 'குறட்டை மெத்தை மாளிகை', 'மாமியார் காரவகை' என்று வைத்து ஏஜெண்டுகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். என் கலை வாழ்வின் உச்சம் அதுதான்.

இந்த வருஷம் ஒரு மத்தியானம், அம்மன் படம் போட்ட டிசைனில் வேலை செய்துகொண்டிருந்தேன். என் கம்பெனிக்கு நான் யோசித்து வைத்திருந்த பெயரைப் பட்டையில் அடித்துப் பார்த்தேன். சும்மா, எப்படி இருக்கும் என்று பார்க்க. அரக்கு நிறத்தில் மஞ்சள் எழுத்து. பெயருக்குக் கீழே வெறுமையாக இருந்ததால் என் செல் நம்பரையும் போட்டேன். பெரிதாக்கினேன். சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வேறு அவசர வேலை வந்தது. அந்த டிசைன் பிளேட்டுக்குப் போனது, அச்சானது, ஆல்பத்தில் ஏறியது. புரூஃப் பார்க்கிற அக்கா கண்ணில் சுழி பிசகினால்கூடத் தப்பாது. அவரிடம் பிறகு கேட்டபோது, "ஒங்க குசும்புல இதுவும் ஒண்ணுன்னு விட்டுட்டேன்யா. மாமியாரையே விட்டேன், இத விடமாட்டேனா?" என்றார்.

ஆல்பம் வெளியூருக்குப் போன இரண்டாம் நாள் ஒரு கோவில்பட்டி ஏஜெண்ட் கூப்பிட்டார். "அண்ணாச்சி, கம்பெனி போட்டுட்டீகளாமே! நமக்கு ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"எந்தக் கம்பெனி?"

"அம்மனுக்குக் கீழ போட்டிருக்கீகளே, நம்பரோட. அம்புட்டு பேரும் பேசிக்கிடுறாக."

எனக்குக் காது அடைத்துவிட்டது. சாயங்காலம் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் ஆல்பம் திறந்திருந்தது. அம்மன் என்னை முறைப்பது போல இருந்தது.

"என்னலே இது?"

"டம்மி பேரு மொதலாளி."

"நம்பரும் டம்மியா?"

"அது... ஒரிஜினல்."

அவர் பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். "கலரு நல்லாத்தாம்லே எடுத்திருக்க" என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "தப்புன்னா தப்புன்னு சொல்லு. மேல ஒட்டுறதுக்கு ஸ்டிக்கர் அடிச்சு ஏஜெண்டுகளுக்கு அனுப்பிருவோம். தப்பு இல்லன்னா அதயும் சொல்லு. நான் வேற ஆளு பாக்கணும். காலைல சொல்லு."

வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஸ்டிக்கர் யோசனைதான் பத்திரமானது என்றேன். அவள் கரண்டியோடு திரும்பினாள்.

"அப்படியே என் நெத்திலயும் ஒண்ணு ஒட்டிருங்க."

"வெளையாடாத. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா? பையன் காலேஜுக்குப் போகணும், எனக்கும் பயந்தான். ஆனா ஞாயித்துக்கெளம ஞாயித்துக்கெளம காத்துல மிசினு ஓட்டிட்டு வர்ற மனுசன் மூஞ்சிய இன்னும் பத்து வருசம் பாக்கணுமேன்னு நெனச்சா, அது இதவிடப் பயமா இருக்கு." தோசையைத் தட்டில் போட்டாள். ஒரு பக்கம் கருகியிருந்தது. அதையும் சேர்த்துத் தின்றேன்.

காலையில் பட்டாசு ஆலை வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற நேரத்திலேயே அச்சகத்துக்குப் போய்விட்டேன். போனவன் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்டிக்கரை டிசைன் செய்தேன். என் பெயர் ஒரு நூல்கூட வெளியே தெரியாதபடி, சரியான அளவில், ஓரம் எல்லாம் பொருந்தி வந்தது. வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றேன்.

அவர் தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். நான் 'தப்புத்தான் மொதலாளி' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது என் சட்டைப்பையில் போன் அடித்தது.

"எடு" என்றார் முதலாளி.

"இருக்கன்குடியில இருந்து பேசுறேன். கோயில் வாசல்ல தேங்கா பழக்கடை வச்சிருக்கோம்" என்றது ஒரு குரல். "ஆல்பத்துல அம்மன் படம் பாத்தேன். அதுல முந்நூறு வேணும். ஒங்க கம்பெனிலயே அடிச்சுத் தருவீகளா?"

முதலாளி என்னைப் பார்த்தார். அந்த அறைச் சுவர்களில் தொங்கிய காலண்டர்களின் ஒவ்வொரு தேதியும் என்னைப் பார்த்தது. அது அச்சுப்பிழைங்க என்று சொல்ல வேண்டியதுதான். வாய் வேறு ஏதோ சொன்னது.

"தாறேன் அண்ணாச்சி."

"எப்பம் கெடைக்கும்?"

"தீவாளிக்குள்ள..."

முதலாளி அந்த ஸ்டிக்கர் தாளாலேயே மேசையில் தட்டினார். "தீவாளிக்குள்ளன்னு வாக்குக் குடுக்காதலே கிறுக்கா!" என்றார் அடிக்குரலில். "இன்னும் மிசினே வாங்கல நீ. கார்த்திகைன்னு சொல்லு."

"கார்த்திகைல தந்துருதேன் அண்ணாச்சி" என்றேன்.

முதலாளி என் ஸ்டிக்கர் தாளை இரண்டாக மடித்து அதன் மேல் டீ கிளாஸை வைத்தார். "ஒன் எடத்துக்கு ஆளு கெடைக்கிற வரைக்கும் இங்கன இரு. அதுக்கு மேல இருக்காத" என்றார். வருத்தமா, கோபமா, அவர் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

வெளியே வந்து படியில் நின்றேன். கை தானாகக் காற்றில் மிஷினுக்கு இடம் வரைந்தது. சந்தோஷத்தில் என்று சொல்ல ஆசைதான். மறுபடியும் போன் அடித்தது. தெரியாத நம்பர். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தேன்.