மணலில் திறக்கும் கதவு

கண்டி வாவிக்கு மேலே, மேட்டுத் தெருவில் இருக்கும் ஒரு விருந்தினர் விடுதியில் பதினெட்டு வருடமாக அறை கூட்டுகிறேன். எங்களிடம் வரும் வெளிநாட்டுக்காரர்களில் பாதிப் பேர் கடற்கரையிலிருந்து வருகிறவர்கள். அவர்களுடைய அறையில் மணல் கிடக்கும். கட்டிலுக்கு அடியில், குளியலறை மூலையில், சப்பாத்து கழற்றி வைத்த இடத்தில். தெற்கிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவருவது கொஞ்சம் மஞ்சள். திருகோணமலைப் பக்கத்து மணல் வெள்ளை, அரிசி மா மாதிரி. விளக்குமாற்றுக்கு வராது, ஈரத்துணியால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும். ஆள் எங்கே இருந்துவிட்டு வந்திருக்கிறார் என்று மணலைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மனதுக்குள்தான். விருந்தாளிகளோடு நான் பேசுவதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஆங்கிலம் வராது என்பது ஒரு காரணம். ஆனால் தமிழிலும் நான் அப்படித்தான்.

கடலைப் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. மனைவியின் பாஸ்போர்ட் வேலையாகக் கொழும்புக்குப் போனபோது, பஸ் ஜன்னலில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு நீலக்கோடு தெரிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவளை நான் எழுப்புவதற்குள் அடுத்த கட்டடம் வந்துவிட்டது.

பிறகு அவள் குவைத்துக்குப் போனாள். வீட்டு வேலை, இரண்டு வருடம். அந்த வீடு கடலோரத்தில், நாலாம் மாடி. சமையலறை ஜன்னலுக்கு நேரே கடல். திறக்க முடியாத கண்ணாடி. சட்டி கழுவும்போதெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டேதான் கழுவியிருக்கிறாள். கீழே போக மட்டும் விடவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் பின்நேரத்தில் இறங்கிப் போய் நனைந்து வருவார்களாம். அந்த ஈர உடுப்புகளைக் கழுவுவது இவள்.

"கழுவுறதுக்கு முன்னாடி ஒருநாள் நாக்குல வச்சுப் பார்த்தேங்க. நல்ல உப்பு" என்று திரும்பி வந்த புதிதில் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் வீடு ஹுன்னஸ்கிரியவில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று. வாரத்துக்கு ஒரு நாள்தான் நான் வீட்டுக்குப் போவேன். இந்த வருடம் சித்திரை கழிந்து ஒரு நாள், மலையில் பனி இறங்கி எதிர் லயம் கூடத் தெரியாமல் இருந்தது. தேத்தண்ணியை என் கையில் கொடுத்துவிட்டு, "ஏங்க, ஒரே ஒரு தடவ, கடல்ல காலை நனைச்சிட்டு வந்துருவோமா?" என்றாள். எதையும் கேட்கிறவள் இல்லை அவள். குவைத்துக்குப் போகும்போதுகூட, திரும்பி வரும்போது என்ன கொண்டுவரட்டும் என்று என்னைத்தான் கேட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. எந்த மாதம் எந்தக் கரை நல்லது என்பது விடுதியில் வேலை செய்கிறவனுக்குத் தெரியாமல் இருக்காது. தை, மாசியில் தெற்கு. ஆடி, ஆவணியில் கிழக்கு. ஆனால் அந்த மாதங்களில்தான் எங்கள் அறைகளும் நிறைந்திருக்கும். கண்டியில் பெரஹர, அந்த யானை ஊர்வலத் திருவிழா, நடக்கும் நாட்களில் லீவு கேட்டால் முதலாளி என்னைத் திரும்பிப் பார்க்கவும் மாட்டார். பெரஹர முடிந்து கூட்டம் கலைந்த அடுத்த வாரம் அறைகள் காலியாகும். கிழக்கில் கடல் அப்போதும் அமைதியாகத்தான் இருக்கும். அந்த வாரத்தில் மூன்று நாள் கேட்டேன். கேட்பதற்கு எனக்கு எட்டு நாள் பிடித்தது. முதலாளி, "நீ எங்கடா போகப்போற?" என்று சிரித்துவிட்டுச் சரி என்றார்.

அடுத்தது தங்குவதற்கு இடம். எங்கள் விடுதிக்கு ஆட்களை ஏற்றி வரும் வேன் டிரைவர் ஒருவர், அக்குறணைக்காரர். என்னைவிட இளையவர். வேன் கழுவத் தண்ணீர்க்குழாயை எடுத்துக் கொடுத்தபோது அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா நாநா இவ்வளவு யோசின? திருகோணமலப் பக்கம், நிலாவெளியில நான் போற ஹோட்டல்ல டிரைவர்மாருக்கு ரூம் இரிக்கி. சல்லி ஒண்டும் எடுக்க மாட்டாங்க. சாப்பாடும் தருவாங்க. அந்தக் கிழமை நான் ஆள் எடுக்க வெறும் வேன்லதான் போறேன். ஏறிக்கொள்ளுங்க."

போக்குவரத்துச் செலவும் இல்லை, அறை வாடகையும் இல்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டிரைவர்மார் அறை எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் விடுதியிலும் ஒன்று இருக்கிறது. சமையலறைக்குப் பின்னால், நாலு கட்டில், வரிசையாகச் சாரங்கள் தொங்கும். அதைக் கூட்டுகிறவனும் நான்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் எங்கே படுப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினெட்டு வருடப் பழக்கம். தங்க ஓர் இடம் என்றதும் என் கால் பின்பக்கத்துக்குத்தான் போகிறது.

வீட்டுக்குப் போய் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"டிரைவர்மார் ரூம்னா, எத்தன பேரு?"

"நாலு பேர் படுக்கலாம்."

"நாலு ஆம்பளைங்களோடயா என்னைப் படுக்கச் சொல்றீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டு வேறு ஒழுங்கு செய்கிறேன் என்று ஏதோ சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அது மட்டும் இல்லங்க. அங்கயும் ரெண்டு வருசம் குசினிக்குப் பின்னால வேலைக்காரங்க ரூம்லதான் படுத்தேன். கடலுக்குப் போயும் அதே ரூம்தானா? அப்படின்னா நான் வரல. ஒரு ராத்திரின்னாலும் போதும், முன்வாசலால போவோம்."

அவள் மீதி வெங்காயத்தையும் உரித்தாள்.

டிரைவரிடம் போய்ச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். "யா அல்லாஹ், நாநாவும் மதினியும் சேந்து போறதெண்டு எனக்கு வெளங்கல்ல! தனியப் போறீங்கண்டு நெனச்சன்." பிறகு ஒரு சின்ன இடத்தின் நம்பரைத் தந்தார். ஒரு குடும்பம் நடத்தும் இடம், நாலைந்து அறைதான். "நீங்களே பேசுங்க. நான் பேசினா டிரைவர் கொண்டு வார ஆள் எண்டு எனக்குக் கொமிஷன் வெப்பாங்க. அது உங்கட வாடகையிலதான் ஏறும்."

லயத்தில் சிக்னல் இல்லை. மேல் ரோட்டுக்கு ஏறி, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எடுத்தேன். அவள் பக்கத்தில் இருந்தாள். ஓர் ஆண் குரல்.

"ஓம், சொல்லுங்கோ."

"சேர், ஒரு ரூம் சேர்…"

அவள் என் தொடையில் கிள்ளினாள். "இப்ப நீங்கதான் விருந்தாளி. எதுக்கு அவருக்கு சேர் போடுறீங்க?" என்று காதுக்குள் சொன்னாள்.

"எத்தனை பேர் வாறியள்?"

"ரெண்டு பேர் சே… ரெண்டு பேருங்க. நானும் என் மனைவியும்." ஒரு விடுதிக்காரரிடம் இந்த வார்த்தைகளை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

"மேல ஒரு ரூம் இருக்கு. பெரிய ஜன்னல், படுத்திருந்தே கடல் பாக்கலாம். அதுக்கு வாடகை கொஞ்சம் கூட. கீழ ஒண்டு இருக்கு, ஃபேன் மட்டும்தான். மரம் மறைக்கிறதால கடல் தெரியாது. ஆனா கதவைத் திறந்தா மணல்தான். நாலு எட்டு வைச்சா தண்ணி."

மேல் அறையின் வாடகையைக் கேட்டுக்கொண்டு, சமாளிக்கலாமா என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்த ஜன்னலைக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அவள் போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து, "கீழ ரூம்" என்றாள். பிறகு என்னிடம், "ஜன்னல்ல பார்த்தது போதுங்க" என்றாள்.

கீழ் அறையைப் பிடித்தோம். இரண்டு இரவு. டிரைவரின் வேனில் போய் இறங்கினால் கொமிஷன் ஏறிவிடும் என்று பஸ்ஸில் போகிறோம்.

மேல் ரோட்டிலிருந்து லயத்துக்கு இறங்கி வரும்போது, "தண்ணி சில்லுனு இருக்குமா, வெதுவெதுப்பா இருக்குமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் மணலைக் கூட்டியவன் அதை யாரிடமும் கேட்கவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

நேற்று ஒரு வயதான ஜோடி நிலாவெளியிலிருந்து வந்தது. என்ன கேட்க வேண்டும் என்று படியிலேயே நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கதவைத் தட்டினேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டு திறந்தார். கொண்டுபோன துவாயைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

பின்நேரம், அவள் மேல் ரோட்டுக்கு ஏறி வரும் நேரம் பார்த்துப் போன் எடுத்து, கேட்க முடியவில்லை என்றேன்.

"நல்லதாப் போச்சு, கேக்காதீங்க. இன்னொருத்தரு கால் வச்ச கதை எனக்கு வேணாம்" என்றாள்.

பெரஹர முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.