மூன்று லைன் போட்ட கணினி

1. பிறையில் ஒரு கம்பம்

பிறை தொழிற்பேட்டையில் எங்கள் கிடங்குக்கு முன்னால் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக் கம்பத்தைச் சாய்த்தது. இன்டர்நெட் போனது. அப்படிப் போனால் உதவட்டும் என்றுதான் இன்னொரு கம்பெனியிடம் பேக்கப் லைன் வாங்கி வைத்திருந்தோம். அதுவும் போனது. இரண்டு கேபிளும் அதே கம்பத்தில்தான் வந்தன. நெட்வொர்க் பொறுப்பு என்னுடையது.

மேனேஜர் என்னைவிட இளையவர். வெளியே வந்து கம்பத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு கம்பெனி, ஒரே கம்பமா? இது பேக்கப் இல்லலா அண்ணே, ஜோடிப் பொருத்தம்!"

மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று கேட்டு ஒரு படிவம் வந்தது. 'இனி ஒவ்வொரு லைனும் வேறு வழியில் வரும்' என்று எழுதிக் கொடுத்தேன். எழுதியதை நானே அளவுக்கு மீறி நம்பிவிட்டேன்.

2. பாயான் பாருவில் ஒரு தேர்வு

அடுத்த மாதம் என் மகள் ஷாமினிக்கு ஸ்காலர்ஷிப் தேர்வு. பாயான் பாருவில் உள்ள எங்கள் வீட்டிலிருந்தே கணினியில் எழுத வேண்டும். ஒரு மணி நேரம், ஒரே வாய்ப்பு. அது கிடைக்காவிட்டால் அவள் ஆசைப்பட்ட படிப்பு இல்லை. அவள் நன்றாகத் தூங்கினாள். நான்தான் தூங்கவில்லை.

அந்த ஒரு கணினிக்கு மூன்று லைன் போட்டேன். கேபிளில் ஃபைபர், வைஃபையில் ஒரு 4ஜி மோடம், யுஎஸ்பியில் என் கைப்பேசி. மூன்றும் வெவ்வேறு கம்பெனி. நொடிக்கு ஒரு முறை 'இருக்கிறாயா' என்று லைனைக் கேட்டு பிங் செய்து, பதில் வராவிட்டால் அடுத்த லைனுக்கு மாற்றும் புரோகிராம் ஒன்றையும் ஏற்றினேன். சோதிப்பதற்காகச் சமையல் வீடியோ ஒன்றை ஓடவிட்டு ஃபைபர் கேபிளைப் பிடுங்கினேன். வீடியோ நிற்கவே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்பா, நான் பரீட்ச எழுதப்போறேனா, ராக்கெட் விடப்போறேனா?" என்றாள் ஷாமினி.

தேர்வின் பதினேழாவது நிமிடத்தில் ஃபைபரிலிருந்து ஒரு பதில் சற்றுத் தாமதமாக வந்தது. லைன் அறுந்துபோகவில்லை. ஆனால் புரோகிராம் என்னைப் போலவே பயந்து 4ஜிக்குத் தாவியது. அதோடு கணினியின் இன்டர்நெட் முகவரியும் மாறியது. வேறோர் இடத்திலிருந்து வேறு யாரோ எழுதுகிறார்கள் என்று நினைத்துத் தேர்வுத் தளம் அவளை வெளியே தள்ளிப் பூட்டிவிட்டது.

"அப்பா! என்னா செஞ்சீங்க?"

"நான் ஒன்னுமே செய்யலம்மா!"

அது உண்மைதான். எல்லாவற்றையும் முந்தின நாளே செய்து முடித்திருந்தேன்.

நான் மோடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே தேர்வின் உதவி எண்ணை அழைத்து மலாயில் நிதானமாக விளக்கினாள். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று மறுமுனையில் இருந்த அதிகாரி கேட்டது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. நெட்வொர்க் வேலை என்றாள். 'ஓ, அதுதானா' என்றார் அவர். பிறகு, ஒரே லைனில் வரச் சொல்லிப் பூட்டைத் திறந்துவிட்டார். இழந்த ஒன்பது நிமிடம் இழந்ததுதான்.

ஷாமினி மோடத்தையும் கைப்பேசியையும் கழற்றி என் கையில் திணித்தாள்.

"ஃபைபர் ஒன்னு போதும். நீங்க கீழ போய் கோப்பி குடிங்கப்பா. நான் கூப்புடுற வரைக்கும் மேல வராதீங்க லா."

போனேன். கோப்பி ஆறிப்போனது. ஸ்காலர்ஷிப் கிடைத்தது. எனக்குப் படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

நம் நெட்வொர்க் பிரிவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொன்னேன், ஒன்றைக் கவனியுங்கள். எந்த வேலைக்காக பேக்கப் போடுகிறீர்களோ, அந்த வேலை நடக்கும்போது கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். வீடியோ முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கும். அதனால் லைன் மாறியதே தெரியாது. லாக்-இன் செய்து நுழையும் தளம் அப்படி விட்டுவிடாது. நன்றாக ஓடுகிற லைனைச் சந்தேகப்படுவதற்கும் ஓர் அளவு வையுங்கள்.

இப்போது அவள் பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறாள். அங்கே லைன் எப்படி என்று போனில் கேட்டேன்.

"போகும், வரும்பா," என்றாள்.

ஒரு மோடம் வாங்கி அனுப்பட்டுமா என்ற கேள்வி வாய்வரை வந்தது. "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன்.