நான் இல்லாதபோது விற்ற படங்கள்

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்து ரவுண்ட் ராக்கில். வார இறுதிகளில் மோட்டார் ஹோம் என்னும் வீட்டு வண்டியில் என் ஓவியங்களை ஏற்றிக்கொண்டு, திறந்தவெளிக் கண்காட்சிகளில் விற்கப் போவோம். நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதெல்லாம், "ஒண்ணு வித்துடுச்சு!" என்பார் கணவர். அதை நம்பித்தான் ஐ.டி. வேலையையே விட்டேன்.

பேர்லேண்ட் ஊர்க் கண்காட்சியில் ஒருநாள் திடீர் மழை. தார்ப்பாய் எடுக்க வண்டியின் அடிப்பெட்டியைத் திறந்தேன். விற்றதாகச் சொன்ன படங்கள் அத்தனையும் அங்கே, ஒரு போர்வைக்கு அடியில் இருந்தன.

"நீ டிஸ்கரேஜ் ஆகிடக் கூடாதுன்னுதான்மா... உங்கிட்ட குடுத்ததெல்லாம் என் காசு" என்றார்.

"நான் ரிசைன் பண்றப்போகூட வாயைத் திறக்கலையே நீங்க!"

அவர் தார்ப்பாயை உருவிக்கொண்டு கடைப் பக்கம் போனார்.

இப்போதெல்லாம் நான் கடையை விட்டு நகர்வதில்லை. சாப்பாட்டை அவர்தான் கொண்டுவந்து தருகிறார். போன வாரம் அவர் சாப்பாடு வாங்கப் போயிருந்தபோது ஒரு சின்னப் படம் நிஜமாகவே விற்றது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.