அண்ணன் இடுப்புக் கயிறு

கட்டிலில் தலையணையை அணைத்தபடி அண்ணன். அடுப்படியில் அண்ணி. அண்ணிக்குப் பிரஷர் பார்க்க வந்த நர்ஸ். வேலைக்குக் கிளம்பி வாசலில் நான். இந்தப் பொங்கல் முடிந்த வாரம், மூலக்குளத்தில் எங்கள் வீட்டில் இருந்தது இவ்வளவு பேர்தான்.

அண்ணன் மில்லில் இருந்தவர். பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டது. பத்து வருஷமாக இரைப்பு. யார் கேட்டாலும், "எப்பவும் இப்படித்தான்" என்பார். நாங்களும் அதையே சொல்வோம். போன வருஷம் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சு அடங்கியதும் அழைத்து வந்துவிட்டோம்.

நர்ஸ் அண்ணிக்குப் பார்த்து முடித்துத் திரும்பினார். அண்ணன் சட்டை போடவில்லை. இடுப்பில் அரைஞாண் கயிறு. அதையே பார்த்தார்.

"இன்னா இது, இவ்ளோ முடிச்சு?"

"லூசாயிடுது சிஸ்டர். அப்பப்போ நான்தான் ஒண்ணு போட்டுவுடறேன்" என்றேன்.

"தம்பி கொத்தனாரு. நூல் புடிச்சிதான் எல்லாம் கட்டுவான்" என்றார் அண்ணன். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தரம் மூச்சு வாங்கியது.

பொங்கலுக்குப் பொங்கல் கயிறு மாற்றுவது எங்கள் வழக்கம். இந்தத் தடவை அவரால் நிற்க முடியவில்லை. மாற்றாமல் விட்டோம். அதனால் போன வருஷத்து முடிச்சு எல்லாம் அப்படியே இருந்தது. நர்ஸ் விரல் வைத்து எண்ணினார். ஐந்து. கட்டும்போது போட்டது ஒன்று. இளைக்க இளைக்க நான் போட்டது நான்கு.

எப்படித் தூங்குகிறார் என்று கேட்டார்.

"எங்க படுக்கறாரு? தீபாவளிலேந்து உக்காந்தேதான் தூங்கறாரு" என்றார் அண்ணி.

நான் பக்கத்து அறையில்தான் படுக்கிறேன். எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் நோயின் அவதியைத் தணிக்கும் பாலியேட்டிவ் பிரிவுக்கு நர்ஸ் சீட்டு எழுதினார். அண்ணி அழுதுவிட்டார்.

"அது கைவுட்டவங்கள அனுப்பற எடமாச்சே!"

"இல்லம்மா. இப்ப பாக்கற டாக்டரும் பாப்பாரு. இவங்க மூச்சு முட்டறத கொறைப்பாங்க. போன வருஷமே போயிருக்கணும்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"முட்டறப்போ பயமா இருக்குது சிஸ்டர்."

அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் ஆட்டோவில் அழைத்துப் போனேன். மாத்திரை மாற்றினார்கள். மூச்சு வாங்கும்போது எப்படி உட்கார்வது என்று காட்டினார்கள். முகத்துக்கு நேராகச் சின்ன ஃபேன் வைக்கச் சொன்னார்கள்.

பத்து நாள் கழித்து மதியம் சாப்பிட வந்தேன். அண்ணன் தலையணையில் சாய்ந்து, காலை நீட்டிப் படுத்திருந்தார். குறட்டை. அண்ணி வாயில் விரலை வைத்துக் காட்டினார். தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அன்று சோறு நன்றாக இறங்கியது.

நோய் போகவில்லை. போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் படுக்கிறார், சாப்பிடுகிறார்.

சுவர் அரை விரல் சாய்ந்தால் எனக்குத் தெரியும். அண்ணன் சாய்ந்தது தெரியவில்லை. இப்போது யாராவது "எப்பவும் இப்படித்தான்" என்று சொன்னால் நான் சும்மா விடுவதில்லை, எப்படித் தூங்குகிறார் என்று கேட்கிறேன்.

அண்ணனுக்குப் புதுக் கயிறு கட்டி ஐந்து மாதம். முடிச்சு ஒன்று.