ரீட்டாவுக்கு வைக்காத அதிரசம்

காய்ந்த எண்ணெயில் அதிரசம் விழும்போது 'சொய்ங்' என்று ஒரு சத்தம் வருமே... அதைக் கேட்டதும் பக்கத்து வீட்டு ரீட்டா எங்கள் அடுப்படி வாசலில் வந்து நின்றுவிடுவாள். ஆறு வயது.

"அத்தை, ஓரம் கருகுனது எனக்கு!"

நல்லதாகப் பார்த்து நீட்டினால் வாங்கமாட்டாள். அப்படி ஒரு பிடிவாதம்.

எழுபது வாக்கில், தருமபுரி ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரே வரிசையில் மூன்று வீடுகள். இந்தக் கோடியில் நாங்கள். நடுவில் ரீட்டாவின் அம்மா ஸ்டெல்லாக்கா, அவர் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. அந்தக் கோடியில் மும்தாஜக்கா.

தீபாவளிக்கு எங்கள் தட்டு போகும். கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு வரும். என் மாமியார் கறி தொடாதவர் என்பதால், ரம்ஜானுக்கு மும்தாஜக்கா சேமியா, சர்க்கரை, முந்திரியைச் சமைக்காமல் அப்படியே கொடுத்தனுப்புவார். யார் தட்டும் வெறுமையாகத் திரும்பாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும்.

அந்த வருடம் ஆவணியில் ரீட்டாவுக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடினோம்... பிழைக்கவில்லை.

தீபாவளி வந்தது. எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். சாவு எங்கள் வீட்டில் இல்லைதான். ஆனால் அதிரசம் சுடுகிற சத்தம் ஸ்டெல்லாக்கா காதில் விழுந்தால்? மாமியாரிடம் சொன்னேன்.

"வேணாம்மா... பெத்த வயிறு பத்தி எரியும்" என்றார்.

எண்ணெய் தேய்த்துக் குளித்ததோடு தீபாவளி முடிந்தது. அடுப்பில் சட்டி ஏறவில்லை. பெரிய நல்லது செய்துவிட்டதாக எனக்குள் ஒரு நினைப்பு வேறு... அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலாம் நாள் காலையில் ஸ்டெல்லாக்கா வந்தார். கையில் மெழுகுவத்தி, செவ்வந்திப்பூ.

"வசந்தா, இன்னைக்குக் கல்லறைத் திருநாளு. பாப்பாவுக்குப் புடிச்சது எதுனா வெக்கலாம்னு... ஒரே ஒரு அதிரசம் குடும்மா. கருகுனதா இருந்தா நல்லது."



"இந்த வருசம் சுடலீங்கக்கா..."

"ஏம்மா?"

உங்களுக்காகத்தான் என்று எந்த முகத்தோடு சொல்வது? உடனே சுட்டுத் தரவும் வழியில்லை. அரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லப்பாகு ஊற்றிப் பிசைந்த மாவு இரண்டு நாளாவது இருக்க வேண்டும். கல்லறையில் பூசை பத்து மணிக்கு.

எங்கள் பேச்சைக் கேட்டு மும்தாஜக்கா வெளியே வந்தார். அவருக்கு அன்று நோன்பு. உள்ளே போய், சாயங்காலம் நோன்பு திறக்க வைத்திருந்த பேரீச்சம்பழம் இரண்டை எடுத்துவந்து ஸ்டெல்லாக்கா கையில் வைத்தார்.

"இத வெய்யி ஸ்டெல்லா. இதுவும் இனிப்புதான்."

ஸ்டெல்லாக்கா வாங்கிக்கொண்டு போனார். ரீட்டா பேரீச்சம்பழத்தை வாயில் வைத்ததும் துப்பிவிடுவாள். எங்கள் மூன்று பேருக்குமே அது தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அவர்களுக்கு ஜோலார்பேட்டைக்கு மாற்றலாகிவிட்டது. மறு வருடம் அதிரசம் சுட்டேன். ஒன்றை வேண்டுமென்றே கருகவிட்டு, கல்லறைத் திருநாளன்று நானே எடுத்துக்கொண்டு போனேன். சின்னச் சின்ன மண்மேடுகள் நிறைய... மழையில் கரைந்திருந்தன. நட்டுவைத்த மரச் சிலுவைகள் சில சாய்ந்து கிடந்தன. எது ரீட்டாவுடையது என்று தெரியவில்லை. ஏதோ ஒரு மேட்டில் வைக்க மனம் வராமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

இப்போது மூன்று பண்டிகைக்கும் போனில் வாழ்த்து வந்து குவிகிறது... படத்தோடு, பாட்டோடு. அதிரசமும் வருடம் பூராவும் கடையில் கிடைக்கிறது. ஆனால் துக்க வீடு என்றால் இன்றைக்கும் நாமே ஒன்றை நினைத்துக்கொண்டு ஒதுங்கித்தான் நிற்கிறோம்.

"உங்களுக்கு என்னக்கா செய்யட்டும்?" என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பக்கத்து வீடுதான். பத்தடி தூரம்கூட இல்லை.