அப்பா சொன்ன சம்பளம்

நான் பரதநாட்டியத்தில் பட்டம் வாங்கிய தனியார் கல்லூரி அடையாறில் இருக்கிறது. சேர்க்கை நேரத்தில் பெற்றோரைக் கூட்டி, முன்பு படித்தவர்களை மேடையேற்றிப் பேச வைப்பார்கள். போன வருஷம் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு விருப்பமே இல்லை. அப்பாதான் விடவில்லை. சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, "நீ மேடையில பேசுறத நான் கேக்க வேணாமா?" என்று எனக்கு முன்பே செருப்பைப் போட்டுக்கொண்டார்.

திரையில் என் போட்டோவுக்குக் கீழே 'நடனக் கலைஞர், நடன இயக்குநர்' என்று போட்டிருந்தார்கள். அடக் கடவுளே! கோட்டூர்புரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஹாலில் சாயங்காலம் குழந்தைகளுக்குத் தட்டடவு சொல்லித் தருகிறேன். முகூர்த்தக் காலத்தில் தி.நகர் மண்டபங்களில் கல்யாணப் பெண்ணின் சித்தி, அத்தை எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, ரிசப்ஷனுக்குக் குத்துப்பாட்டு ஸ்டெப் பழக்குகிறேன். நான் செய்யும் நடன இயக்கம் அவ்வளவுதான். என்னோடு அதே வேலைக்கு வருகிற தோழி அரசுக் கல்லூரியில் படித்தவள். படிப்பு முழுக்க அவள் கட்டிய பணம் எனக்கு ஒரு செமஸ்டருக்குக் காணாது. மண்டபத்தில் இருவருக்கும் ஒரே கூலி, ஒரே பந்தி.

கலை, அர்ப்பணிப்பு என்று என்னென்னவோ பேசி முடித்தேன். கேள்வி நேரத்தில் ஓர் அம்மா எழுந்தார். திருவல்லிக்கேணியில் மெஸ் நடத்துகிறாராம். பக்கத்தில் பிளஸ் டூ முடித்த மகள், அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கப் பார்த்தாள்.

"தப்பா நினைச்சிக்காத கண்ணு, நேராவே கேக்குறேன். கவர்மெண்டு காலேஜ்லயும் இவளுக்கு சீட்டு கெடச்சிகீது. அங்க ஃபீஸு கம்மி. இது இங்கதான் சேருவேன்னு அடம் புடிச்சிக்கினு கீது. இன்னிக்கே கட்டணுமாம். நீ சொல்லு, இங்க படிச்சிட்டு உனக்கு மாசம் இன்னா வருது?"

சிலர் சிரித்தார்கள். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் பின்வரிசையில் அப்பா எழுந்துவிட்டார்.

"நான் அவ அப்பாங்க. அறுபதாயிரம் வருது."

வகுப்பில் விடை சொல்லும் அதே குரல். கை தட்டினார்கள். எனக்கு மானமே போய்விட்டது. பரீட்சையில் அரை மார்க்கைக்கூட யாருக்கும் சும்மா போடாத மனுஷன், எனக்காக இத்தனை பேர் முன்னால் புளுகுகிறாரே என்று கூனிக் குறுகிப்போனேன். கோபமும் வந்தது. இவரை யார் கேட்டார்கள்?

கூட்டம் முடிந்ததும் கீழே ஓடினேன். பணம் கட்டும் வரிசையில் அந்த அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார்.

"கட்டாதீங்க ஆன்ட்டி. எனக்கு இருபத்திமூணாயிரம்தான் வருது. கவர்மெண்டு காலேஜ்ல படிச்ச என் ஃப்ரெண்டுக்கும் அதேதான். அவளுக்கு லோன் இல்ல, எனக்கு இருக்கு."

"அப்ப அந்தப் பெரியவரு சொன்னது பொய்யா?"

"ஆமா. பொய்தான்."

மகள் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். அந்த அம்மா என் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு வரிசையிலிருந்து விலகினார். அப்போதுதான் திரும்பினேன். அப்பா எனக்குப் பின்னால் இரண்டு காகிதக் கப்பில் டீயோடு நின்றுகொண்டிருந்தார்.

"டீ குடிம்மா."

"ஒண்ணும் வேணாம்" என்று விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அவர் தன் டீயைக் குடித்துவிட்டுப் பின்னாலேயே வந்தார்.

பஸ்ஸில் மந்தைவெளி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க? எங்கேந்து வந்துச்சு அறுபதாயிரம்?"

அவர் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன்னோடது இருபத்திமூணு. என் பென்ஷன் முப்பத்தேழு. ஒண்ணாம் தேதி ஆனா அதையும் உங்கிட்டதானே குடுக்குறேன்? உனக்கு வர்றதத்தான் சொன்னேன்மா. பொய் சொல்லல."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. கல்லூரிக் கடனுக்கு மாதத் தவணையை அந்தப் பென்ஷனிலிருந்துதான் கட்டுகிறேன். நாலு பேர் நிற்கிற வரிசையில், அப்பா பொய் சொன்னார் என்று நான் சொன்னதை அவர் நின்று கேட்டிருக்கிறார்.

எனக்கு வாங்கிய டீ, ஏடு படிந்து, இன்னும் அவர் கையில் இருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் சிந்தாமல் இன்னொரு கையால் மூடிக்கொண்டு வந்தார்.